உயிர்நூலின் மூவெழுத்துச் சொற்கள்

எழுத்தால் சொல்லும், சொல்லால் தொடரும் அமைவதை நாள்தோறும் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். உயிரணுவினுள்ளும் அத்தகைய எழுத்துமுறை ஒன்று உளது. உடலுக்கு வேண்டிய புரதங்களை ஆக்கும் கட்டளைகள் அதில் எழுதப்பட்டுள்ளன. மரபுக் குறிமுறை என்பது அதன் பெயர்.

அதற்கு எழுத்துகள் நான்கே: அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்னும் வேதிப்பொருள்கள். புரதங்களோ இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. ஈரெழுத்துச் சொற்களாயின் 16 மட்டுமே அமையும், அவை போதா. மூவெழுத்தாயின் 64 அமையும். இயற்கை கைக்கொண்டது மூவெழுத்து முறையே.

இச்சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. ஓரெழுத்து இரு சொற்களுக்குப் பொதுவாவதும் இல்லை. தொடங்கிய இடத்திலிருந்து மும்மூன்றாகவே படித்தல் வேண்டும். 'நல்லமரம்பழம்தரும்' என்பதை அவ்வாறு பிரித்தால் நல்ல, மரம், பழம், தரும் எனப் பொருள் விளங்கும். இரண்டாம் எழுத்தாகிய 'ல்' விழுந்துவிட்டாலோ நலம, ரம்ப, ழம்த, ரும் எனத் தொடர் முழுதும் சிதையும். ஓரெழுத்தோ ஈரெழுத்தோ விழுந்தால் கட்டளை கெடுவதையும், மூன்று விழுந்தால் பலகால் சீர்படுவதையும் வைரசு ஒன்றில் கண்டு, கிரிக், பிரென்னர் முதலிய அறிஞர்கள் 1961ஆம் ஆண்டில் இம்முறைக்குச் சான்று காட்டினர்.

அவ்வாண்டிலேயே நிரன்பர்க், மத்தேய் என்போர் முதற்சொல்லின் பொருளைக் கண்டனர். 1966க்குள் 64 சொற்களும் விளங்கின. இப்பணியில் பெரும்பங்கு கொண்ட ஹர் கோவிந்த் கொரானா, பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் மரத்தடியில் முதற்கல்வி பயின்றவர். 1968இல் நிரன்பர்க், ஹாலி ஆகியோருடன் நோபெல் பரிசு பெற்றார்.

64 சொற்களுள் 61 அமினோ அமிலங்களைக் குறிப்பன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளி போன்றவை. திரிசொல் இருவகை என இலக்கணத்தில் படித்துள்ளோம்: ஒரே பொருளைத் தரும் பல சொற்கள், பல பொருளைத் தரும் ஒரே சொல். குறிமுறையில் முன்னது உண்டு. லியூசினுக்கு மட்டும் ஆறு சொற்கள். பின்னது பொதுவாக இல்லை. ஆதலின் ஒரு சொல்லின் மூன்றாம் எழுத்து மாறினும் பலகால் பொருள் மாறாது. இஃது உயிர்க்கு ஒரு காப்பு.

எனினும் எல்லாப் பிழைக்கும் காப்பில்லை. குருதியின் ஹீமோகுளோபினுக்குரிய கட்டளையில், ஒரு சொல்லின் நடுவே அடினைன் நிற்க வேண்டிய இடத்தில் தைமின் நின்றுவிடுவதுண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அப்பிழையைப் பெற்ற குழந்தை அரிவாள் அணுச் சோகையால் வாடும்.

மற்றொரு வியப்பும் உண்டு. சில விலக்குகள் நீங்கலாக, பாக்டீரியா முதல் மனிதன் வரை குறிமுறை ஒன்றே. அதனாலன்றோ 1978இல் மனித இன்சுலினுக்குரிய கட்டளையைப் பாக்டீரியாவினுள் வைத்தபோது அது சரியாகப் படித்தது! அவ்வழி ஆக்கிய இன்சுலின் 1982இல் மருந்தாக வெளிவந்தது. அன்று முதல் நீரிழிவு நோயாளர் எண்ணற்றோரைக் காத்து வருகிறது.

ஆசிரியர்கள் மேற்கண்ட தொடரைக் கரும்பலகையில் இடைவெளியின்றி எழுதி, ஓரெழுத்தை அழித்து, மாணவரைப் படிக்கச் செய்யலாம். உயிரியலும் விளங்கும், எழுத்துப் பிழையின் ஏதமும் விளங்கும்.