வீட்டிற்கு வந்த புதிய விருந்தாளி



"நன்றியுள்ள பிராணி எது?" என்று ஒன்றாம் வகுப்புத் தங்கையரைக் கேட்டாலும், "நாய்" என்று தயங்காமல் விடை கூறுவர். திருவிவிலியத்தில் தோபித்து நூலைப் படித்தோர் ஒரு சிறு செய்தியைக் கவனித்திருக்கலாம். தோபியா என்னும் இளைஞன் இரபேல் வானதூதருடன் நெடும்பயணம் புறப்படும்போது ஒரு நாயும் அவர்களுடன் செல்கிறது. திரும்பி வரும்போதும் அது உடன் வருகிறது. அந்த நாய் வேறு எதுவும் செய்ததாக நூலில் கூறப்படவில்லை. துணையாகச் சென்றது, துணையாக வந்தது, அவ்வளவே. நாய் மனிதனுக்குத் தருவது அந்தத் துணையைத்தான்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழும் நமக்கு நாய் புதிதன்று. வடக்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இராஜபாளையம் இருக்கிறது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராஜபாளையம் நாயின் படத்தை நம் அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் தபால் தலையாக வெளியிட்டது. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் கொண்ட வேட்டை நாய்களும் இந்தக் கரிசல் பூமிக்கே உரியவை. 2020 ஆகஸ்டு மாதம் பாரதப் பிரதமர் தம் வானொலி உரையில் இவற்றின் பெயர்களைச் சொல்லிப் பாராட்டினார்.

இத்தனை பெருமை இருந்தும், நம் தெருக்களில் நாம் காண்பது என்ன? ஆசையோடு கொண்டுவந்த குட்டியைப் பத்தே நாளில் சந்தைக்கு அருகிலோ, கண்மாய்க் கரையிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். "இரவெல்லாம் அழுகிறது", "வீட்டை அசிங்கம் செய்கிறது", "கையைக் கடிக்கிறது" என்பவையே அவர்கள் சொல்லும் காரணங்கள். இம்மூன்றும் குட்டியின் குற்றங்கள் அல்ல. குழந்தை அழுவதையும் தவழுவதையும் போன்ற இயல்புகளே. முதல் ஒரு வாரம் நாம் அறிந்து நடந்துகொண்டால் இம்மூன்றும் படிப்படியாக நீங்கும். அதற்கான வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

எப்போது கொண்டு வருவது?

நாய்க்குட்டி பிறக்கும்போது கண் தெரியாது, காதும் கேளாது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் காது கேட்கத் தொடங்கும். அதன் பின்னரே தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் அது பாடம் கற்கிறது. விளையாட்டில் அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி வீறிட்டுக் கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். "இவ்வளவு கடிக்கக் கூடாது" என்று கடித்த குட்டி அப்போது அறிகிறது. ஆகவே 8 வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. "சின்னதாக இருக்கும்போதே கொண்டுவந்தால்தான் ஒட்டும்" என்று சிலர் கூறுவர். அது சரியன்று.

மிகவும் காலந்தாழ்த்துவதும் நன்றன்று. அமெரிக்க அறிஞர்களான ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான பருவமே குட்டி மனிதரோடு பழகக் கற்கும் காலம் என்று அவர்கள் கண்டனர். அந்தக் காலத்தில் அன்பையே கண்ட குட்டி மனிதரை நம்பும். அடியையும் சங்கிலியையும் மட்டுமே கண்ட குட்டி அஞ்சும். அஞ்சும் நாயே பெரும்பாலும் கடிக்கும் நாயாகிறது.

பள்ளி நாட்களில் குட்டியைக் கொண்டுவந்து பகலெல்லாம் தனியே விடாமல், விடுமுறையின் தொடக்கத்தில் கொண்டுவருவது நலம். கோடை விடுமுறையில் வெயில் கொடுமை அதிகம். எனவே காலாண்டு விடுமுறையே ஏற்றது. அதன் பின் தீபாவளி நெருங்கும் என்பதையும் மறக்கலாகாது. வெடிச் சத்தத்தின்போது குட்டியை உள் அறையில் வைத்துக்கொண்டு யாரேனும் அருகில் இருக்க வேண்டும்.

கடுவனா, பொட்டையா?

குட்டி கேட்போர் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. கடுவன் குட்டிகளுக்குப் போட்டி. பொட்டைக் குட்டிகளோ கண் திறந்ததும் திறவாததுமாகச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடப்படுகின்றன. "குட்டி போட்டுப் பெருக்கிவிடும்" என்பதே காரணம். இதற்குக் கால்நடை மருத்துவத்தில் எளிய கருத்தடை அறுவை இருக்கிறது. காவல் காப்பதிலும் பாசத்திலும் பொட்டை நாய் கடுவனுக்குச் சற்றும் இளைத்ததன்று. பெண் என்ற ஒரே காரணத்திற்காக ஓர் உயிர் வேண்டாததாகிவிடுகிறது. இதைப் பெண்கள் பள்ளியில் பயிலும் நாம் எடுத்துச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இராஜபாளையம் இனத்தில் இன்னொரு துயரமும் உண்டு. வெண்ணிறத்துக்குக் காரணமான பரம்பரைத் தன்மையால் அவ்வினத்துக் குட்டிகள் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டினால் இதை ஓரளவு அறியலாம். கூப்பிட்டும் வராத குட்டியைத் திமிர் பிடித்தது என்று அடிப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். செவிட்டுக் குட்டிக்குக் கைச் சைகையால் எல்லாம் கற்பிக்கலாம்.

முதல் நாள்

குட்டியை வாங்கும்போது, தாய் படுத்திருந்த சாக்கிலோ துணியிலோ ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நாய் மூக்கால் உலகை அறியும் பிராணி. தாயின் மணம் உள்ள துணி அதற்குப் பெரும் ஆறுதல்.

வீட்டில் முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்குவோம். நார்ப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ போதும். உள்ளே பழைய சேலையை மடித்துப் போட வேண்டும். வெயிலும் மழைச் சாரலும் படாத இடமாக அது இருக்கட்டும். தகரக் கொட்டகையும் மொட்டை மாடியும் நம்மூர் வெயிலுக்கு ஏற்றவையல்ல. கவிழாத மண்சட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும்.

குட்டி வந்ததும் தெருப் பிள்ளைகள் அனைவரும் கூடிக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்குவது வழக்கம். அன்று ஒரு நாள் மட்டும் பொறுப்போம். தரையில் விட்டு, அதுவாகவே மோந்து பார்த்து அறியட்டும். தம்பி தங்கையர் தரையில் உட்கார்ந்துதான் குட்டியைத் தொட வேண்டும். இளங்குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்திற்கு மேலும் தூங்கும். தூங்கும் குட்டியை எழுப்பலாகாது. முதல் நாளே குளிப்பாட்டுவதும் வேண்டாம். பழகிய மணம் போய்விடும், குளிரும் தாக்கும்.

முதல் இரவு

இதுவே பெரிய சோதனை. அதுவரை உடன்பிறந்தோரோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து உறங்கிய குட்டி, முதன்முறையாகத் தனியே படுக்கிறது. இருட்டு, புதிய வீடு, அருகே ஒருவரும் இல்லை. காட்டில் தாயைப் பிரிந்த குட்டி சத்தம் கொடுத்தால்தான் தாய் தேடி வரும். ஆகவே அது அழுகிறது. நம் பாட்டிமாரில் சிலர் "நாய் அழுதால் வீட்டுக்கு ஆகாது" என்பர். பெரியோர் சொல்லை நாம் மதிக்கிறோம். ஆயினும் இந்த அழுகை அபசகுனம் அன்று, தாயைத் தேடும் அழுகை என்று அவர்களுக்குப் பணிவுடன் விளக்கலாம்.

அழும் குட்டியைப் புறவாசலில் தள்ளிக் கதவடைத்தால் அச்சம் மிகும். அதன் பெட்டியை நாம் படுக்கும் பாய்க்கு அருகில் வைத்துக்கொள்வதே சிறந்த வழி. முனகும்போது கையை நீட்டித் தொட்டால் அடங்கிவிடும். குளிர்ந்த இரவாயின், ஒரு புட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, இறுக மூடி, துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். நடு இரவில் ஒருமுறை வெளியே கொண்டுசென்று சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். மூன்று நான்கு இரவுகளில் அழுகை குறையும். பின்னர் பெட்டியைத் தினம் சிறிது தூரம் நகர்த்தி, அது நிரந்தரமாகப் படுக்கும் இடத்திற்குக் கொண்டுபோகலாம். நம் ஊரில் இரவிலும் ஓயாத விசைத்தறிச் சத்தத்திற்கும் அது தானாகவே பழகிக்கொள்ளும்.

உணவு

தாய் வீட்டில் குட்டி என்ன உண்டதோ அதையே முதல் சில நாட்கள் கொடுத்து, மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். திடீர் மாற்றம் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். "குட்டிதானே" என்று பசும்பாலை நிறைய ஊற்றுவோர் உண்டு. பல குட்டிகளுக்கு அது செரிப்பதில்லை. குழைந்த சோறும் தயிரும், கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய இறைச்சி ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, மூன்று மாதம் வரை நாளைக்கு 4 வேளை கொடுக்கலாம். உப்பும் காரமும் வேண்டாம். வெங்காயம், உலர்ந்த திராட்சை, சாக்லேட் ஆகிய மூன்றும் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். குழம்பில் கிடந்த எலும்பை அன்போடு போடுவோர் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

சுத்தமும் பழக்கமும்

குட்டி தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் சிறுநீர் கழிக்கும். இம்மூன்று நேரங்களிலும் புறவாசலில் ஒரே இடத்திற்குக் கொண்டுசென்று, கழித்தவுடன் தடவிக் கொடுத்துப் பாராட்டினால் விரைவில் அந்த இடத்தைத் தானே நாடும். வீட்டினுள் கழித்துவிட்டால் அதன் மூக்கை அதிலே தேய்ப்பது சிலரது வழக்கம். எப்போதோ செய்ததற்கு இப்போது அடி ஏன் என்று குட்டிக்கு விளங்காது. நம்மைக் கண்டால் நடுங்க மட்டுமே அது கற்கும். சோப்பு நீரால் நன்றாகக் கழுவிவிட்டால் மணத்தைத் தேடி மீண்டும் அங்கே வராது.

உணவு நேரத்தில் மணி அடித்தே பழக்கினால், பின்னர் மணியோசை கேட்டாலே நாய்க்கு உமிழ்நீர் ஊறும் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். அந்த உண்மையைக் கண்டவர் 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லவ். அதே முறையில், சோறு வைக்கும் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லி அழைத்தால் குட்டி தன் பெயரை விரைவில் அறிந்துகொள்ளும். விளையாட்டில் கையைக் கடித்தால் "ஆ" என்று கூறி விளையாட்டை நிறுத்திவிட வேண்டும். உடன்பிறந்த குட்டிகள் கற்பித்த பாடம் அதற்கு நினைவுக்கு வரும். கடிப்பதற்குப் பழைய துணி முடிச்சு ஒன்றைக் கொடுக்கலாம்.

மருத்துவரிடம்

முதல் வாரத்திலேயே குட்டியை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பூச்சி மருந்தும் தடுப்பூசிகளும் எந்தெந்த நாளில் என்று மருத்துவர் குறித்துக் கொடுப்பார். 1978 முதல் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் நோய் இளங்குட்டிகளை வாந்தியாலும் இரத்தப்போக்காலும் சில நாட்களில் கொன்றுவிடும். தடுப்பூசிகள் முடியும் வரை தெருநாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியை விடலாகாது.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் போடப்படும். குட்டி நாய் கடித்தால் வெறிநோய் வராது என்று நினைப்பது தவறு. எந்த நாய் கடித்தாலும் பிராண்டினாலும் சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 1885-இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இத்தடுப்பு மருந்தைச் செலுத்தினார். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளை நம் பெற்றோர் அஞ்சியிருப்பர். அம்முறை இப்போது இல்லை. கையில் போடும் சில ஊசிகள் போதும். ஆனால் நோய் வெளிப்பட்டுவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. எனவே கடித்ததைப் பெற்றோரிடம் மறைக்கவே கூடாது.

நம் கடமை

உயிர்களிடத்து இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்று நம் அரசியலமைப்பு கூறுகிறது. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்குமாறு கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். படைப்பு அனைத்தும் ஒரே குடும்பம் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் நமக்கு நினைவூட்டினார். அவர் தம் பெயராக ஏற்ற அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4-ஆம் நாளே உலக விலங்குகள் தினமாகவும் கொண்டாடப்படுகிறது.

ஆகவே தோழியரே, ஒரு குட்டியைக் கேட்பதற்கு முன் வீட்டில் அனைவரும் கூடிப் பேசுவோம். நாளும் சோறு வைப்பது யார், வெளியே கொண்டுசெல்வது யார், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்வது யார் என்று முடிவு செய்வோம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அது நம்மோடு வாழும். அதற்கு இயலாதெனில் வேண்டாம் என்று சொல்வதும் ஜீவகாருண்யமே. இயலுமெனில், அடுத்த காலாண்டு விடுமுறையில் ஒரு பொட்டைக் குட்டியைக் கேட்டு வாங்கி வருவோம். முதல் இரவு அதன் பெட்டியை நம் பாய்க்கு அருகில் வைத்துக்கொள்வோம்.