டேப்லெட்டா, லேப்டாப்பா?

பழசாகிப்போன டேப்லெட்டை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? கடைக்காரரைக் கேட்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கேட்டது புனேயில் ஒரு தமிழ்க் குடும்பம்.

புனேயின் வானவடி. மராட்டிய வீரர் மகாதஜி ஷிண்டேயின் நினைவுச் சத்ரி இருக்கும் பகுதி. ஆயுதப் படை மருத்துவக் கல்லூரியும் ராணுவ மருத்துவமனையும் அருகில் இருப்பதால், ஓய்வு பெற்ற பிறகு சொந்த ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட ராணுவக் குடும்பங்கள் ஏராளம். அப்படித் தங்கிய ஒரு வீடு. குடும்பத் தலைவர் வேலூர் பக்கத்துக்காரர், சுபேதாராக ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேஜையில் பத்து அங்குல டேப்லெட் ஒன்று எப்போதும் சார்ஜரோடு பிணைந்தே கிடக்கிறது. வயரைப் பிடுங்கினால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது.

2020ல், கொரோனா ஊரடங்கின்போது மகளின் ஆன்லைன் வகுப்புக்காக அவசர அவசரமாக வாங்கியது. அப்போது அவள் எட்டாம் வகுப்பு. இப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ். மகள் வளர்ந்துவிட்டாள். டேப்லெட் வளரவில்லை. அதற்குள் இருப்பது ஆண்ட்ராய்டு 9. தயாரிப்பாளர் அதற்கு மேல் எதையும் அனுப்பவில்லை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த குரோம் 139 முதல் ஆண்ட்ராய்டு 10க்குக் குறைந்த கருவிகளுக்குப் புதிய பதிப்பு கிடையாது என்றாகிவிட்டது. இனி ஒவ்வொரு செயலியாகக் கதவைச் சாத்தும்.

வீட்டில் மூன்று கட்சிகள். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்பது அப்பாவின் கட்சி. "அப்பா, பேட்டரி மாத்தினா புரோகிராம் ஓடிடுமா?" என்பது மகளின் கேள்வி. அவளுக்கு வேண்டியது லேப்டாப். அம்மா எதுவும் சொல்லவில்லை. கையிருப்பு 45,000 ரூபாய். ஒரு பொருள்தான் வாங்க முடியும். தப்பாக வாங்கிவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு மூன்று வருடமாவது காத்திருக்க வேண்டும்.

அரசாங்கமே தடுமாறிய கேள்வி

இந்தக் குழப்பம் ஒரு வீட்டோடு நிற்பதல்ல. 2011 அக்டோபர் 5 அன்று மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டபோது, உலகிலேயே மலிவான டேப்லெட் என்று பெருமிதம் பொங்கியது. அரசின் கொள்முதல் விலை சுமார் 2,276 ரூபாய். ஏழு அங்குலத் திரை, 256 எம்.பி. நினைவகம், 366 மெகாஹெர்ட்ஸ் புராசஸர். விரலால் அழுத்தினால்தான் திரை அசையும். மாணவர்கள் கையில் அது நிலைக்கவில்லை. விலை குறைவாக இருந்ததே தவிர, அதை வைத்துச் செய்யக்கூடிய வேலையும் குறைவாகவே இருந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்பு, 2011 செப்டம்பர் 15 அன்று, முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாட்டில் விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்திருந்தார். டேப்லெட்டைவிடப் பல மடங்கு செலவு. விமர்சனங்களுக்கும் குறைவில்லை. ஆனால் திட்டம் நின்றுபோவதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் கம்ப்யூட்டரைத் தொட்டதே அப்போதுதான் என்று சொல்லும் பட்டதாரிகளைச் சென்னை, பெங்களூரு, புனே மென்பொருள் நிறுவனங்களில் இன்றும் சந்திக்கலாம்.

2025 மார்ச் 14. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு பட்ஜெட் உரையில் பழைய கேள்வி மீண்டும் வந்தது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் என்று அறிவிப்பு. ஒதுக்கீடு 2,000 கோடி ரூபாய். 'அல்லது' என்ற அந்தச் சொல் நீண்ட நாள் நீடிக்கவில்லை. எல்காட் நிறுவனம் டெண்டர் கோரியது லேப்டாப்களுக்குத்தான்: 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியபோது மாணவர்கள் வாங்கிக்கொண்டதும் அதைத்தான்.

அப்படியானால் டேப்லெட் தோற்றுவிட்டதா? அவசரப்பட வேண்டாம். அமெரிக்க விஞ்ஞானி ஆலன் கே 1972ல் டைனாபுக் என்ற கருவியைக் காகிதத்தில் கற்பனை செய்தார். குழந்தைகள் புத்தகம் போலத் தூக்கிச் செல்லக்கூடிய கம்ப்யூட்டர். இன்றைய டேப்லெட்டின் மூதாதை அதுதான் என்பார்கள். ஆனால் அந்தப் படத்தில் திரைக்குக் கீழே ஒரு கீபோர்டும் இருந்தது. குழந்தை பார்த்தால் மட்டும் போதாது, எழுத வேண்டும், வரைய வேண்டும், புரோகிராம் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். 2010ல் ஐபேட் வந்தபோது கீபோர்டு தனி விலைக்குப் போய்விட்டது. பார்க்க, படிக்க, பேச டேப்லெட்டைப்போல் வசதியான பொருள் இல்லை. உட்கார்ந்து உருவாக்க வேண்டிய வேலை வரும்போதுதான் முட்டிக்கொள்கிறது.

ஏழு நாள் கணக்கு

வானவடி வீட்டில் வாக்குவாதம் முற்றியபோது சுபேதார் ராணுவ வழக்கப்படி ஒரு ரிஜிஸ்டர் போட்டார். பள்ளி நோட்டு ஒன்றில் மூன்று பத்தி. யார், என்ன வேலை, டேப்லெட் செய்ததா மறுத்ததா. ஒரு வாரம் எல்லோரும் எழுத வேண்டும் என்று உத்தரவு.

வாரக் கடைசியில் அவரது பத்தியில் இருந்தது ஓய்வூதியக் கணக்கு பார்த்தது, செய்தி படித்தது, வேலூரில் இருக்கும் அண்ணனோடு வீடியோவில் பேசியது. எல்லாவற்றையும் டேப்லெட் செய்தது, கொஞ்சம் முனகிக்கொண்டு. அவருக்கு உண்மையிலேயே பேட்டரி போதும்.

மகளின் பத்தியில் மறுப்புகள் வரிசை கட்டின. சி, பைத்தான் பயிற்சிக்குச் சிறு செயலிகள் உண்டு. சின்னச் சின்னப் புரோகிராம் ஓடுகிறது. ஆனால் பல கோப்புகள் கொண்ட புராஜெக்ட், டேட்டாபேஸ், செல்போன் செயலி உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஆகியவற்றுக்கு முழுக் கம்ப்யூட்டர் வேண்டும். கல்லூரி லேபில் முடிக்காததை வீட்டில் தொடர வழியில்லை.

எதிர்பாராதது மூன்றாவது பெயர். ஏழு நாளில் அம்மா பதினெட்டு மணி நேரம் டேப்லெட்டில் வேலை செய்திருந்தார்.

அவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறார். மருந்துச் சீட்டு விவரங்கள், வங்கி விளம்பரங்கள், பள்ளிப் பாடக் குறிப்புகள். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. இரவில் எல்லோரும் படுத்த பிறகு, புளூடூத் கீபோர்டு ஒன்றை இணைத்து, டேப்லெட்டைச் சம்படத்தின் மேல் சாய்த்து வைத்து உட்காருவார். வீட்டில் யாரும் அதை 'வேலை' என்று எண்ணியதில்லை. அம்மா டேப்லெட் பார்க்கிறாள் என்றுதான் பேச்சு.

மறுப்புக் கணக்கிலும் அவர் பத்திதான் நீளம். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ் என்று இரண்டு ஜன்னல் திறந்தால் டேப்லெட் மூச்சு வாங்குகிறது. மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் அனுப்பும் சிறப்பு மென்பொருள் கோப்புகள் பலவும் விண்டோஸில்தான் திறக்கின்றன. தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவிலேயே கோப்பு கேட்கும் அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த எழுத்துருக்களும் மாற்றிகளும் டேப்லெட்டில் எடுபடுவதில்லை. அந்த வாரத்தில் மட்டும் இரண்டு வேலைகளை 'என்னால் முடியாது' என்று திருப்பி அனுப்பியிருந்தார்.

நோட்டைப் படித்த சுபேதார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏன் சொல்லவே இல்லை?" பதில் சுருக்கமாக வந்தது: "நீங்க கேக்கலையே."

புது டேப்லெட் ஏன் வேண்டாம்?

இந்தக் கட்டத்தில் பலரும் எடுக்கும் முடிவு, கீபோர்டு கவரோடு நல்ல டேப்லெட் ஒன்று வாங்கிவிடலாம் என்பது. கணக்குப் போட்டால் உதைக்கிறது. உயர்ந்த ரக டேப்லெட், அதற்கென்றே செய்த கீபோர்டு, பேனா மூன்றும் சேர்ந்தால் சாதாரண லேப்டாப்பின் விலையைச் சுலபமாகத் தாண்டும். மைக்ரோசாப்டின் வேர்டு, திரை 10.1 அங்குலத்துக்குள் இருக்கும்வரை அடிப்படை வேலைகளுக்கு இலவசம். அதைவிடப் பெரிய திரை என்றால் சந்தா.

ஆயுளும் ஒரு விஷயம். ஐபேட் போன்ற கருவிகளுக்குப் பல ஆண்டுகள் மென்பொருள் வருகிறது. 2018ல் வந்த ஆறாம் தலைமுறை ஐபேட், 2024ல் ஐபேட் ஓஎஸ் 18 வந்தபோதுதான் கைவிடப்பட்டது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லேப்டாப்பில் விண்டோஸ் கைவிட்டாலும் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பல மாடல்களில் நினைவகத்தையும் ஹார்டு டிஸ்க்கையும் மாற்றலாம். டேப்லெட்டில் எல்லாம் ஒட்டிவைத்தது.

ஆனால் வரைபவர்கள், நின்றுகொண்டே குறிப்பெடுக்கும் டாக்டர்கள், பாடத்தை மட்டும் படிக்கும் பள்ளிப் பிள்ளைகள், கண் மங்கிய பெரியவர்கள் ஆகியோருக்கு அரைக் கிலோ டேப்லெட்டே மேல். ஒன்றரைக் கிலோ லேப்டாப் அவர்களுக்குச் சுமை. நோட்டில் 'மறுத்தது' பத்தி காலியாக இருந்தால் லேப்டாப் கடைப் பக்கம் போகவே வேண்டாம்.

பழசில் ஒரு பொறி

புனேயில் பழைய லேப்டாப்புக்குப் பஞ்சமில்லை. மென்பொருள் நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டு பயன்படுத்தித் தள்ளுபவை துடைத்துச் சீராக்கப்பட்டு, சுமார் 20,000 ரூபாய்க்குக் கடைக்கு வருகின்றன. கட்டுறுதியில் சில புது மாடல்களைவிட மேல். ஆனால் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸர் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதற்கு முந்தியவை இப்போது மலிவாகக் குவிகின்றன. புராசஸர் பெயரில் ஐ5 என்று போட்டிருந்தால் மட்டும் மயங்காதீர்கள். அதற்கு அடுத்த எண் 6200 என்று தொடங்கினால் ஆறாம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை.

சுபேதாருக்கு ஒரு கடையில் காட்டப்பட்டது அப்படி ஓர் ஆறாம் தலைமுறை இயந்திரம்தான். பளபளவென்று இருந்தது. மகள் எண்ணைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள், வேண்டாம் என்று.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறைந்தால் வேண்டாம். புரோகிராம் எழுதுபவருக்கு 16 நல்லது. கூடுதல் நினைவகம் செருக இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் எகிறியிருப்பதால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது எப்போதும் லாபமாக முடியாது. தமிழில் தட்டுபவர்கள் கீபோர்டில் பத்து நிமிடமாவது தட்டிப் பாருங்கள். 1999ல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைமுறை விண்டோஸ் 11லேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கமா என்று பார்த்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத வாரண்டி வெறும் வாய்ச்சொல்.

முடிவு

வீட்டுக்கு வந்தது 14 அங்குலப் புது லேப்டாப். 8 ஜி.பி. நினைவகம், இன்னொன்று செருக ஓர் இடம் காலி. கையிருப்பில் மிச்சம் விழுந்த தொகையில் டேப்லெட்டுக்குப் பேட்டரி மாற்றியாகிவிட்டது. அதாவது மூன்று கட்சிகளுமே ஜெயித்தன. டேப்லெட் இப்போது சுபேதாரின் சொத்து. ஆனால் அதில் இனி வங்கி வேலை கூடாது என்பது மகளின் கட்டளை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கருவியில் பணத்தைத் தொடக்கூடாது. செய்தி படிக்கலாம், அண்ணனோடு பேசலாம். பேட்டரி வீங்கித் திரை மேலெழும்பினால் அன்றே அணைத்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். குப்பைத்தொட்டியில் போடக்கூடாது.

ஒரு பிரச்சினை மட்டும் பாக்கி. ஒரு லேப்டாப், இரண்டு பேர். நோட்டுப் புத்தகம் மறுபடியும் கைகொடுத்தது. அதிலிருந்து கிழித்த ஒரு தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. மாலை நான்கு முதல் ஏழு வரை மகள். ஏழு முதல் பத்து வரை அம்மா. அந்த மூன்று மணி நேரம் சப்பாத்தி போடும் பொறுப்பு யாருக்கு என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது, சுபேதாரின் கையெழுத்திலேயே.