கல்யாணப் படத்தில் காணாத முகம்

கெட்டிமேளம் முழங்குகிறது. மணமகன் தாலியை ஏந்துகிறான். நாலாபுறமிருந்தும் அட்சதை சொரிகிறது. அந்நேரத்தில் பந்தலிலுள்ள அத்தனை கண்களும் மணமக்களையே நோக்கியிருக்கும். ஒருவர் மாத்திரம் கமராவின் சிறு கண்ணாடி வழியாக நோக்கியவாறு, மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்பார். மாமன், மைத்துனன், சித்தி, பெரியம்மா என உறவினர் அனைவரும் படத்தில் இடம்பெறுவர். படத்தை எடுத்துத் தந்தவர் மட்டும் அதில் இருக்கமாட்டார். அத்தகைய ஒருவரைப் பற்றியும், அவர் செய்த தொழிலின் பெறுமதியைப் பற்றியும் இவ்வாரம் வாசகர்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

எம்மை இவ்விடயத்திற்கு இட்டுச் சென்றது வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமாகும். குடும்ப வரலாறு பற்றிக் கட்டுரை எழுதும்பொருட்டு, வீட்டிலுள்ள பழைய படமொன்றைக் கொண்டுவருமாறு மாணவர்களைப் பணித்திருந்தோம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி, தன் பாட்டியின் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். பதினாறு பேர் நிற்கின்றனர். "இவர்கள் யார், அம்மா?" என்று கேட்டோம். பாட்டியையும் பாட்டனையும் காட்டினாள். மற்றப் பதினால்வரின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. பாட்டி காலமாகிவிட்டார், தாய்க்கும் தெரியாதாம். படத்தின் பின்புறத்தைத் திருப்பினோம். பெயர் ஒன்றும் இல்லை. பதுளையிலிருந்த ஒரு ஸ்டூடியோவின் முத்திரை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதனை எடுத்தவரைத் தேடிச் சென்றோம்.

அவர் இன்று எழுபத்தைந்தைக் கடந்த முதியவர். பதுளை நகரின் ஓரத்தில் சிறிய வீடொன்றில் மனைவியோடு வாழ்கிறார். 1964ஆம் ஆண்டில், பதினைந்து வயதுச் சிறுவனாக அந்த ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். தண்ணீர் சுமப்பதும், இருட்டறையைத் துடைப்பதும், முதலாளியின் பின்னே முக்காலியைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதுமே அவருடைய ஆரம்பப் பாடங்கள்.

பன்னிரண்டு படங்களுக்குள் ஒரு கல்யாணம்

"இப்போது ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் படம் எடுக்கிறார்கள், மாஸ்டர். எங்கள் காலத்தில் ஒரு சுருளில் பன்னிரண்டு படந்தான்" என்று பேச்சைத் தொடங்கினார்.

அக்காலத்தில் அவர்கள் கையாண்டது 120 இலக்கச் சுருள். சதுரப் படமாக எடுத்தால் பன்னிரண்டுக்கு மேல் தேறாது. லயங்களில் மின்சாரம் இல்லை. ஆகையால் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்துக்கென ஒரு பல்பு வேண்டும். ஒருமுறை பளிச்சிட்டால் அந்தப் பல்பு கருகிவிடும், மறுபடி உதவாது. ஏழைக் குடும்பங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தவணை தவணையாகக் கொடுக்கும் பணத்தில் இரண்டாவது சுருளுக்கு இடமேது? மாலை மாற்றல், தாலி கட்டல், அம்மி மிதித்தல் ஆகியவற்றுக்கு மூன்று. பெண் வீட்டாருக்கு இரண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டு. இப்படி முதல்நாள் இரவே மனதுக்குள் கணக்குப் போட்டுவிட வேண்டும். அந்தக் கணக்கிலும், கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் முதிய பாட்டிக்கென ஒரு படத்தை அவர் எப்போதும் மிச்சம் வைப்பாராம். "அடுத்த கல்யாணத்துக்கு அந்த ஆத்தா இருக்குமோ இருக்காதோ" என்றார்.

வைகறையில் முகூர்த்தமென்றால் நள்ளிரவு கழிந்ததும் எழுந்துவிடுவார். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை எனத் தோட்டங்கள் மலைக்கு மலை சிதறிக் கிடக்கின்றன. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமுனுகுலை மலையுச்சியோ 2,036 மீற்றர். இடையிலுள்ள குறுக்குப் பாதைகளில் மழையும் மூடுபனியும் அட்டைக் கடியும் துணைவர. கமராவை மார்போடு அணைத்து, ஈரம் படாதவாறு துணியால் சுற்றிக்கொண்டு நடப்பார். தாலி கட்டும் நொடி தவறினால் தவறியதுதான். கட்டிய தாலியை இன்னொருமுறை கட்டும்படி யாரைக் கேட்பது?

பெயரற்ற படங்களும் பெயருள்ள படங்களும்

இவ்விடத்தில் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டிலாகும். அக்கலையின் பெரும் புகழ்பெற்ற முன்னோடிகளுள் ஒருவர் எமது மலைநாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதை மாணவர்கள் பலர் அறியார். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையாரே அவர். நாற்பத்தெட்டாம் வயதில்தான் அவர் கைக்கு முதற் கமரா வந்தது. 1875இல் கணவரோடு இலங்கையில் குடியேறிய அவர், 1879ஆம் ஆண்டு ஜனவரியில் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள தேவாலய வளவில் அவருடைய கல்லறை இருக்கிறது. இங்கு வாழ்ந்த சில ஆண்டுகளில் அவர் இந்நாட்டுத் தொழிலாளர் சிலரைப் படமெடுத்தார். அப்படங்களுள் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் காணும் முகங்கள் அழகானவை. ஆனால் அவர்களிற் பெரும்பாலோரின் பெயர் எமக்குக் கிட்டவில்லை.

பின்னர் கொழும்பில் 1890இல் தோன்றிய பிளாட்டே போன்ற நிறுவனங்கள் இந்நாட்டுக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக விற்றன. கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் கடல் கடந்து சென்றது. அவள் யாருடைய மகள், யாருடைய தாய் என்று அஞ்சலட்டை கூறவில்லை. கொழுந்து பறிப்பவள் என்பதே அவளுக்குப் போதுமான பெயராகக் கருதப்பட்டது.

கல்யாணப் படமோ இதற்கு நேர்மாறானது. பிறர் தமக்கு வேண்டியவாறு எடுத்த படமன்று அது. தொழிலாளி தன் உழைப்பில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுத்துத் தனக்கென எடுப்பித்தது. அதில் கூடை இல்லை. கவ்வாத்துக் கத்தி இல்லை. பட்டுச் சேலையும், மாலையும், சுற்றமும் உண்டு. அதில் அவள் கொழுந்து பறிப்பவள் அல்லள். ஒரு வீட்டின் மருமகள், ஒரு குலத்தின் விளக்கு. தோட்டத்து லயக் காம்பிராவின் புகை படிந்த சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கல்யாணப் படம் ஏன் தொங்குகிறது என்பது இப்போது விளங்கும் அல்லவா?

பிரிவின் படங்கள்

எமது முதியவர் தொழிலுக்கு வந்த அதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நாடற்றவராக நின்ற 9 இலட்சத்து 75 ஆயிரம் பேருள், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் அது வகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரையும் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. கணக்கில் இவை இலக்கங்கள். லயத்திலோ அண்ணன் ஒரு கரைக்கும் தம்பி மறு கரைக்குமாகப் பிரிந்த கதைகள்.

கடவுச்சீட்டுப் படத்துக்காக ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள், அதை முடித்தபின் தயங்கித் தயங்கி, "எல்லாருமா சேர்ந்து ஒண்ணு எடுத்திருங்க" என்பார்களாம். அதன் பிரதியொன்று பெட்டியோடு இந்தியாவுக்குப் போகும். மற்றொன்று இங்கே நிற்பவர் வீட்டில் இருக்கும். 1924இல் இருப்புப்பாதை பதுளை வரை வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்நிலையம் பல பயணங்களைக் கண்டதுண்டு. ஆயினும் தலைமன்னாருக்கென மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்ட குடும்பங்களின் அழுகையைப் போல் வேறொன்றைத் தாம் கேட்டதில்லை என்கிறார் இவர். கடலுக்கு அப்பால் நடந்த கல்யாணங்களுக்கு இங்குள்ளோரால் போக முடியவில்லை; இங்கு நிகழ்ந்த மரணங்களுக்கு அங்குள்ளோரால் வர முடியவில்லை. ஆகவே இறந்தவரை மாலையோடு இருத்தி எடுத்த படமும் தபாலில் போயிற்று. அத்தகைய வீட்டிலிருந்து திரும்பியதும் தலைமுழுகி, மறுநாட்காலை மணப்பந்தலில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். அவர் தொழில் அப்படி.

வீட்டில் நடந்தது

ஊரார் வீட்டு முகூர்த்தத்துக்கெல்லாம் முன்னே நின்றவர், தம் வீட்டு நிகழ்ச்சிகளுக்கு எப்படி இருந்தார்? இக்கேள்வியை நாம் அவருடைய மனைவியாரிடம் கேட்டோம். அம்மையார் சிரித்தார்.

"மூத்தவளுக்குச் சோறூட்டின அன்றைக்கு இவர் லுணுகலையில். தம்பிக்குக் காது குத்தினபோது மடுல்சீமையில். நல்ல நாள் என்றால் எல்லாருக்கும் நல்ல நாள்தானே, மாஸ்டர்? எங்களுக்கு மட்டும் இவர் இல்லாத நாள்."

ஆனால் அவ்வம்மையார் வெறுமனே காத்திருந்தவர் அல்லர். இரவில் பிள்ளைகள் உறங்கியபின், மருந்தில் தோய்த்தெடுத்த படங்களைக் குளிர்ந்த நீரில் அலசுவதும், உலர்த்துவதும், ஓரம் வெட்டி அல்பத்தில் ஒட்டுவதும் அவருடைய வேலை. ஹைப்போ என்னும் மருந்து முற்றாக நீங்கும்வரை அலசாவிட்டால் படம் நாளடைவில் பழுப்பேறிப் போகும். அவருடைய கை நீரில் விறைத்ததனாற்றான் இன்றும் அப்படங்கள் தெளிவாக இருக்கின்றன. போகாத தோட்டத்து மணமகளையெல்லாம் அவர் முகத்தால் அறிவார். ஒருமுறை கடைவீதியில் கண்ட பெண்ணை, "கல்யாணத்தன்று நெற்றிச்சுட்டி சாய்ந்திருந்ததே, நீதானே அம்மா?" என்று கேட்டுத் திகைக்க வைத்தாராம்.

இவர்களுடைய கல்யாணம் 1975ஆம் ஆண்டு ஆவணியில் நடந்தது. அன்றும் பல முகூர்த்தங்கள் இருந்தமையால் முதலாளி வேறோர் இடத்துக்குப் போய்விட்டார். நண்பர் ஒருவர் கமராவை வாங்கிப் பன்னிரண்டு படமும் எடுத்தார். இருட்டறையில் கழுவிப் பார்த்தபோது சுருள் முழுவதும் வெறுமையாக இருந்தது. சுருளின் நுனி உருளையில் சரியாகக் கோத்துக்கொள்ளாமல் நழுவிவிட்டதாம். "ஊர்க் கல்யாணமெல்லாம் என்னிடம் இருக்கிறது, மாஸ்டர். என் கல்யாணம் மட்டும் இல்லை" என்று அவர் சொன்னபோது, அம்மையார் எழுந்து தேநீர் கொண்டுவரச் சென்றுவிட்டார்.

அவர்கள் வீட்டு அல்பத்தையும் புரட்டினோம். தாயும் பிள்ளைகளும் நிறைந்திருக்கின்றனர். தந்தையைக் காணவில்லை. ஒரு படத்தில் மட்டும், மாலை வெயிலில் படமெடுத்தவரின் நிழல் நீண்டு பிள்ளைகளின் காலடியில் விழுந்திருந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நாம் கொண்டுசென்ற படத்தைக் கண்டதும் அம்முதியவர் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார். பதினால்வருள் ஐவரை அவர் அடையாளம் சொன்னார். இருவரை அம்மையார் சொன்னார். எஞ்சிய எழுவர் பெயரின்றியே நிற்கின்றனர். அஞ்சலட்டைப் பெண்ணின் பெயரை எழுதாதவர்கள் அந்நியர். எமது பாட்டன் பாட்டியரின் பெயரை எழுதாதிருப்பவர் நாமே அன்றோ?

ஆகவே சில எளிய கருமங்களைச் செய்யுங்கள். முதியோர் இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் இருத்தி, படத்திலுள்ளோர் பெயரையும், தோட்டத்தையும், ஆண்டையும் கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புறத்தில் எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்தைக் கெடுக்கும். விறகடுப்புப் புகையும் சுவரின் ஈரமும் படாத இடத்தில் படத்தை வையுங்கள். ஈரத்தால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடு வைத்தே கைத்தொலைபேசியில் ஒரு பிரதி எடுங்கள். வர்ணப் படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களைவிட விரைவில் மங்கும். அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். பிரதியொன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டதை நாம் மறக்கலாகாது. உயிர்களோடு சுவரில் தொங்கிய முகங்களும் மண்ணுக்குள் போயின. அத்தகைய வேளையில் தூரத்து உறவினர் வீட்டுப் பிரதியே எஞ்சும்.

கடந்த ஆவணியில் அம்முதியவரின் பேத்திக்குக் கல்யாணம் நடந்தது. நாமும் சென்றிருந்தோம். படமெடுத்த இளைஞர், "தாத்தா, பாட்டியோடு முன்னால் வாருங்கள்" என்று அழைத்தார். அவர் பழக்கத்தால் கமராவின் பக்கமாகவே நடந்தார். பேத்தி கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிறிது தடுமாறினார். அம்மையார் தம் கையை நீட்டினார்.

சில நாட்களின் பின் அந்தப் படத்தை எமக்குக் காட்டினார். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். பென்சிலால் இருவர் பெயரும், ஆண்டும், ஊரும் எழுதப்பட்டிருந்தன. எழுத்து அம்மையாருடையது.

வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லாரும் இருக்கிறீர்கள். அல்பத்தை எடுங்கள்.