விக்டோரியா ஏரியும் இரவு இடிமழையும்

உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளுக்கிடையே ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள விக்டோரியா ஏரி, தன் வட்டாரத்தில் மழை பெய்யும் பொழுதையே மாற்றியமைக்கிறது. நீரைவிட நிலம் விரைவில் வெப்பமடைந்து விரைவில் குளிர்வதே இதற்கு அடிப்படை.

பகலில் ஏரிக்காற்று கரைநோக்கி வீசுவதால், பிற்பகல் இடிமழை சுற்றியுள்ள நிலப்பகுதிகளில் பெய்கிறது. இரவில் இந்நிலை தலைகீழாகிறது. குளிர்ந்த கரைகளிலிருந்து வீசும் நிலக்காற்று, வெதுவெதுப்பான ஏரிநீரின்மேல் குவிந்து, ஈரப்பதத்துடன் மேலெழுந்து இடிமுகிலாகத் திரள்கிறது.

விளக்கொளியில் சிறு படகுகளில் இரவு மீன்பிடிப்போர் பலர் இப்புயல்களில் உயிரிழக்கின்றனர். பிற்பகலில் நிலத்தின்மீது பெய்யும் இடிமழை வலுக்கும் நாள்களில், இரவில் ஏரிப்புயலும் வலுக்கக்கூடும் என்பதைச் செயற்கைக்கோள் தரவுகள் காட்டுகின்றன. ஆகவே, படகுகள் கரையை விட்டுப் புறப்படுமுன்பே எச்சரிக்கை விடுக்க வழியுண்டு.