கிடாரில் கரகரப்பு வேண்டுமா? பிக்கப் வாங்கும் முன் இதைப் படிங்க!

யூடியூபில் ஒரு ராக் கிடார் வீடியோ. முதல் மீட்டலிலேயே ஒலி கரகரவென்று நெஞ்சுக்குள் இறங்குகிறது. அதே ஸ்வரங்களை வீட்டில் இருக்கும் எலெக்ட்ரிக் கிடாரில் வாசித்தால், மெலிதாக 'டிங்... டிங்' என்று மட்டும்தான் கேட்கிறது. "பிக்கப்பை மாத்துடா, எல்லாம் சரியாகிடும்" என்கிறார் நண்பர். விலையைத் தேடிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பெயர்பெற்ற வெளிநாட்டு பிக்கப் ஒன்றின் விலையில் ஆரம்பநிலை கிடார் ஒன்றையே வாங்கிவிடலாம்!

பெருநகரத்தில் இருப்பவர்களாவது கடைக்குப் போய் நாலு கிடார்களை வாசித்துக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். வத்தல்மலை போன்ற ஊரில் இருக்கும் இளைஞர் என்ன செய்வார்? தர்மபுரியில் இருந்து சுமார் 25 கி.மீ. தூரம், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போக வேண்டிய மலை. காப்பியும் மிளகும் பலாவும் விளையும் பெரியூர், பால்சிலம்பு போன்ற கிராமங்களுக்கு கிடார் பாகங்கள் வர வேண்டுமென்றால் ஆன்லைன்தான் வழி. கேட்டுப் பார்க்காமல், படத்தையும் விலையையும் பார்த்து வாங்க வேண்டும். ஒருமுறை ஈயம் வைத்துப் பொருத்திவிட்ட பிக்கப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகளும் குறைவு. காசு போனால் போனதுதான்.

அதனால், வாங்குவதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பெரிய எலெக்ட்ரானிக்ஸ் படிப்பெல்லாம் தேவையில்லை.

பிக்கப் என்பது என்ன?

பம்ப்செட் மோட்டார் எரிந்துபோனால் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோகிறோம் இல்லையா? அங்கே செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி காயில் கட்டுவார்கள். பிக்கப்பும் அதேபோல ஒரு காயில்தான். காந்தம் ஒன்று, அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. ஆனால், இங்கே கம்பி ஏறக்குறைய தலைமுடி அளவுக்கு மெல்லியது, சுமார் 0.06 மி.மீ. அதை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள்.

மோட்டாரில் கரன்ட் கொடுத்தால் அசைவு கிடைக்கிறது. பிக்கப்பில் நடப்பது நேரெதிர், சைக்கிள் டைனமோ மாதிரி. காந்தத்துக்கு மேலே இரும்புத் தந்தி அதிரும்போது, காயிலில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அது வயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ப் பெரிதாகிறது. நைலான் தந்தி போட்ட கிடாரில் இந்த பிக்கப் வேலை செய்யாததற்குக் காரணமும் இதுதான்.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்ற, வாணலி வடிவ 'ஃப்ரையிங் பேன்' கிடாரில் இருந்தது இந்தத் தத்துவம்தான். இன்றைய கிடார்களிலும் அடிப்படை மாறவில்லை.

கரகரப்பு எங்கே பிறக்கிறது?

பலரும் தவறாக நினைக்கும் இடம் இது. கரகரப்பு பிக்கப்பில் பிறப்பதில்லை!

ஊர்த் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரை அளவுக்கு மீறிச் சத்தமாக வைத்தால், பாட்டு உடைந்து கரகரவென்று வரும். தாங்கும் அளவைத் தாண்டி சிக்னல் போகும்போது, ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. அதுதான் டிஸ்டார்ஷன். பாட்டுக் கேட்பவருக்கு அது தொல்லை. ராக் கிடார் கலைஞருக்கு அதுவே ருசி.

அந்த ருசிக்காக அந்தக் காலத்தில் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். 1958-ல் வெளியான 'ரம்பிள்' இசைக்காக லிங்க் ரே தன் ஆம்ப் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார் என்பது ராக் உலகில் பிரபலமான கதை. 1964-ல் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். இருவருமே கை வைத்தது ஸ்பீக்கரில்தான், பிக்கப்பில் அல்ல.

இன்னொரு உதாரணம் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். கிடாரை அலறவைத்த அந்த மேதை பெரும்பாலும் வாசித்தது, மென்மையான சிங்கிள் காயில் பிக்கப்கள் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில். கரகரப்பைத் தந்தவை ஃபஸ் பெடலும், சத்தம் கூட்டப்பட்ட ஆம்ப்பும்.

அப்படியானால் பிக்கப்புக்கு என்ன வேலை? ஆம்ப்பையோ பெடலையோ எவ்வளவு பலமாகத் தள்ள வேண்டும், அந்தக் கரகரப்பு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. குழம்புக்குக் காரம் தருவது மிளகாய். ஆனால், எந்த மிளகாய் என்பதில் இருக்கிறது வித்தியாசம் என்பதுபோல! அடுப்பே எரியாமல் மிளகாயை மட்டும் மாற்றிப் பயனில்லை.

செலவில்லாத நாலு சோதனை

வாங்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. தந்தியை மாற்றுங்கள். துருவும் அழுக்கும் ஏறிய பழைய தந்தியில் எந்த பிக்கப்பும் மந்தமாகத்தான் ஒலிக்கும். புது செட் தந்தி, பிக்கப் விலையில் சிறு பங்குதான்.

2. பிக்கப்பின் உயரத்தைக் கூட்டுங்கள். பிக்கப்பின் இரு பக்கமும் இருக்கும் திருகுகளை ஸ்க்ரூ டிரைவரால் திருகினால், அது ஏறும், இறங்கும். தந்தியைக் கடைசிக் கட்டத்தில் அழுத்திப் பிடித்து, பிரிட்ஜ் பிக்கப்புக்கும் தந்திக்கும் சுமார் 2 மி.மீ. இடைவெளி வைத்து ஆரம்பியுங்கள். பக்கத்தில் வர வர பலம் கூடும். ரொம்ப நெருங்கினால், காந்தம் தந்தியை இழுத்து சுருதி தடுமாறும். அப்படி நடந்தால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

3. பிரிட்ஜ் பக்க பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, வால்யூமை முழுதாக வைத்து வாசியுங்கள். கழுத்துப் பக்கம் உருண்டையான ஒலி. பிரிட்ஜ் பக்கம்தான் கூர்மையும் கடியும்.

4. நண்பரின் ஓவர்டிரைவ் பெடலையோ, ஆம்ப்பையோ ஒரு நாள் இரவல் வாங்கி வாசியுங்கள். தேடிய ஒலி அதிலேயே கிடைத்துவிட்டால், குறை கிடாரில் இல்லை. பிக்கப்புக்கு வைத்திருந்த பணம் பெடலுக்குப் போகட்டும்!

நல்ல ஆம்ப்பில், பெடல் போட்டும் ஒலி சோகையாகவே இருந்தால் மட்டும் பிக்கப் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

மூன்று குடும்பங்கள்

சிங்கிள் காயில்: ஒரே காயில். தெளிவான, மணி போன்ற ஒலி. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிடார்களில் பார்க்கலாம். இதன் தொல்லை 'ம்ம்ம்' என்ற இரைச்சல். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர், டியூப் லைட் சோக், வீட்டு வயரிங் ஆகியவற்றின் காந்தப் புலத்தையும் இந்த காயில் சேர்த்தே பிடித்துவிடுகிறது. கரகரப்பைக் கூட்டினால் இந்த இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

பி-90: 1946-ல் கிப்ஸன் கொண்டுவந்தது. இதுவும் சிங்கிள் காயில்தான். ஆனால், காயில் அகலமானது. ஒலி தடிமனாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். ப்ளூஸ், பழைய ராக் விரும்புபவர்களுக்குப் பிடித்தமான கரகரப்பு இது. இரைச்சல் இதிலும் உண்டு.

ஹம்பக்கர்: 1950-களில் கிப்ஸனின் பொறியாளர் சேத் லவர் உருவாக்கி, 1957 முதல் கிடார்களில் வந்தது. இரண்டு காயில்கள். ஒன்றின் காந்த முனையும் சுற்றும் மற்றொன்றுக்கு நேரெதிர். அதனால், வெளியில் இருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகிறது; தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது. 'ஹம்' என்கிற இரைச்சலை எதிர்ப்பதால்தான் இந்தப் பெயர். கனமான ராக், மெட்டல் வாசிக்க இதுவே முதல் தேர்வு.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிடார் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். சிங்கிள் காயில் அளவிலேயே ஹம்பக்கர்கள் கிடைக்கின்றன. மரத்தைக் குடையாமல் அதே பள்ளத்தில் பொருத்தலாம்.

எண்களைப் படிப்பது எப்படி?

ஆன்லைன் விவரத்தில் 'டி.சி. ரெசிஸ்டன்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். ஒரே மாதிரிக் கம்பியில் அதிகச் சுற்று சுற்றினால் இந்த எண் ஏறும். பழைய பாணி ஸ்ட்ராட் சிங்கிள் காயில் சுமார் 6 கிலோ ஓம்; 50-களின் பாணி ஹம்பக்கர் 7 முதல் 8.5 வரை. பலம் கூட்டிய ஹம்பக்கர்கள் 12-ல் இருந்து 17 வரை போகும்.

இந்த எண்ணை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம். மெல்லிய கம்பி போட்டாலும் எண் ஏறும். காந்தம் எது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த 'அல்நிகோ' காந்தத்தில் 2-ம் எண் மென்மை; 5-ம் எண் அதைவிடக் கூர்மை, பலம். செராமிக் காந்தம் இறுக்கமான, வேகமான ஒலி தரும்.

உதாரணமாக, 70-களில் வந்த டிமார்ஸியோவின் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' செராமிக் காந்தம், 13 கிலோ ஓமுக்கு மேல். கிடாரின் சொந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தும் பழக்கத்தைப் பரவலாக்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சீமோர் டங்கனின் 'ஜே.பி.' அல்நிகோ 5, சுமார் 16 கிலோ ஓம். அதே நிறுவனத்தின் '59' மாடல் 8-ஐ ஒட்டி. அளவான, பழைய பாணி கரகரப்பு. இ.எம்.ஜி. 81 போன்ற 'ஆக்டிவ்' வகைக்கு 9 வோல்ட் பேட்டரி தேவை. இரைச்சல் குறைவு, மெட்டலுக்கு ஏற்றது. பேட்டரி தீர்ந்தால் சத்தம் நின்றுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு எளிய வழி: கிடாரில் வயரைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, வயரின் மறுமுனையில் நுனிக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இப்போதுள்ள பிக்கப்பின் அளவு ஏறக்குறையத் தெரிந்துவிடும். 7 காட்டுகிற கிடாருக்கு 8 வாங்கினால் பெரிய மாற்றம் தெரியாது. மிகப் பலமானதை வாங்கினால், மெல்லிய பாட்டு வாசிக்கும்போது தெளிவு குறையலாம். சர்ச்சிலோ கல்யாணக் கச்சேரியிலோ எல்லா வகைப் பாட்டும் வாசிப்பவருக்கு நடுத்தர பலமே நல்லது.

பொருத்தும் முன்...

பழைய பிக்கப்பின் நீள, அகலத்தையும், முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் கீழே இருக்கும் காந்தப் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். வால்யூம் கன்ட்ரோல் சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். ஹம்பக்கருக்கு 250 போட்டால் ஒலியின் கூர்மை மழுங்கும். கழற்றும் முன் பழைய வயர் இணைப்பை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். பிரிட்ஜ் பிக்கப் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு இந்த ஈய வேலை கைவந்த கலை; படத்தைக் காட்டினால் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

எர்த் இருக்கிறதா?

வீட்டிலும் மேடையிலும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. எலெக்ட்ரிக் கிடாரின் தந்திகள் வயர் வழியாக ஆம்ப்பின் எர்த்துடன் இணைந்திருக்கும். பிளக்கில் எர்த் இல்லாமல் ஆம்ப்பில் மின்கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் தந்திக்கே வரும். 1972-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிடார் கலைஞர், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் வாசிக்கும்போது எர்த் பற்றிக் கேட்டுவிட்டு கிடாரை எடுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கிடாரைத் திறக்கும் முன் வயரைக் கழற்றுங்கள். ஆம்ப்பை நீங்களே திறக்காதீர்கள்.

விரல்களும் முக்கியம்

மேண்டலினில் ஒருமுறை மீட்டினால் ஒலி சட்டென்று மங்கிவிடும். நீண்டு இழையும் கமகங்களுக்கு அது போதாது. எலெக்ட்ரிக் மேண்டலினைக் கையில் எடுத்து, கர்னாடகக் கச்சேரி மேடையில் அதற்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார் மேண்டலின் யு.ஸ்ரீநிவாஸ். மின்சாரம் ஒலியை நீட்டித் தந்தது. ராகத்தைத் தந்தவை அவர் விரல்கள். சென்னை ஐ.ஐ.டி-யில் படித்த கிடார் பிரசன்னா, எலெக்ட்ரிக் கிடாரில் கர்னாடக இசை வாசிப்பவர். ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-ல் 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்ற ஆல்பத்தையும் வெளியிட்டார். ஒரே வாத்தியத்தில் இரண்டு உலகங்கள்!

ஆகவே, வரிசை இதுதான். முதலில் தந்தி, பிறகு உயரம், அடுத்து ஆம்ப்பும் பெடலும், கடைசியாக பிக்கப். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் வாசித்துக் காதால் கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போனால், மலைமேல் இருந்தாலும் நகரத்தில் இருந்தாலும் காசு வீணாகாது.