சீஸ் ஏன் பல நிறங்களில் வருகிறது?



முன்பு பெரிய ஊர்களின் பேக்கரிகளில் மட்டும் பார்த்த சீஸ், இன்று சிறு மளிகைக் கடையின் பிரிட்ஜிலும் இருக்கிறது. சரக்கு விற்கிறது, கூடவே தகராறும் வருகிறது. "போன தடவை நல்ல மஞ்சளாக இருந்தது, இது வெளிறிக் கிடக்கிறதே, பழைய சரக்கா?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். பதில் தெரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

முதலில் பாலைப் பார்ப்போம். பசும்புல்லில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் பொருள், பசும்பாலின் கொழுப்பில் கலந்து வருகிறது. எருமையோ அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. பசு நெய் மஞ்சளாகவும் எருமை நெய் வெண்மையாகவும் இருப்பது இதனால்தான். சீஸுக்கும் இதே கணக்கு. பச்சைப்புல் மேயும் காலத்தில் நிறம் கூடும். வைக்கோல் தின்னும் காலத்தில் குறையும்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மஞ்சள் சீஸ் என்றால் உயர்ந்த சரக்கு என்று மக்கள் நம்பினார்கள். சிலர் பாலேட்டை எடுத்து வெண்ணெய்க்கு விற்றுவிட்டு, மீதிப் பாலில் செய்த வெளிறிய சீஸுக்கு நிறம் ஏற்றி விற்றார்கள். பிற்பாடு வாடிக்கையாளர் பழகிவிட்டதால் நல்ல சீஸுக்கும் நிறம் சேர்ப்பது வழக்கமாயிற்று. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து செடார் சீஸ் பெரும்பாலும் ஆரஞ்சு நிறம். வெர்மான்ட் மாநிலத்தில் வெள்ளை. இரண்டும் ஒரே வகைதான்.

நாம் விற்கும் கட்டி, ஸ்லைஸ் வகைகள் பெரும்பாலும் பிராசஸ்டு சீஸ். இம்முறையை 1911ல் சுவிட்சர்லாந்தில் கெர்பர், ஸ்டெட்லர் இருவரும் கண்டார்கள். அமெரிக்காவில் கிராஃப்ட் 1916ல் காப்புரிமை பெற்றார். வெவ்வேறு நாள் பழகிய சீஸ்களைத் துருவி, சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் சேர்த்துச் சூடாக்கி உருக்குகிறார்கள். பல சரக்கு கலப்பதால் நிறம் மாறுபடும். அதைச் சீராக்கவே நிறம் சேர்க்கிறார்கள்.

பெரும்பாலும் சேர்ப்பது அனாட்டோ. தென் அமெரிக்காவிலிருந்து பரவிய ஒரு மரத்தின் விதை மேலுறையிலுள்ள செந்நிறப் பொருள் இது. லேபிளில் 160பி என்ற எண்ணைக் காணலாம். அளவு கூடினால் ஆரஞ்சு, குறைந்தால் இளமஞ்சள், சேர்க்காவிட்டால் வெண்மை. பீட்சாவுக்குப் போகும் மொசரெல்லா வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். ஆகவே நிறத்தை வைத்துத் தரத்தையோ சத்தையோ சொல்ல முடியாது. பால் கொழுப்பா, தாவர எண்ணெயா என்பதையும் நிறம் காட்டாது. லேபிளைத்தான் படிக்க வேண்டும்.

ஆனால், கடைக்கு வந்தபின் மாறும் நிறம் வேறு விஷயம். கவனிக்க வேண்டியவை:

1. வெளிச்சம் தொடர்ந்து பட்டால் அனாட்டோ வெளிறும்; சில சமயம் இளஞ்சிவப்பாகும். கண்ணாடி பிரிட்ஜின் விளக்கருகில் அடுக்காதீர்கள்.

2. சூட்டில் நாள்பட்டால் பழுப்பு ஏறும். கரண்ட் செலவு மிச்சம் என்று இரவில் பிரிட்ஜை நிறுத்துவது, சரக்கை நாமே கெடுப்பதாகும்.

3. பச்சை, கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணம். அந்தப் பாக்கெட்டை விற்கவே கூடாது.

4. தேதி முடிந்த சரக்கை விற்றால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவரே பொறுப்பு. பழைய சரக்கை முன்னால் வைத்து முதலில் விற்றுவிடுங்கள்.

அடுத்த முறை வாடிக்கையாளர் கேட்டால், தேதியைக் காட்டி, காரணத்தை இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள். விவரம் சொல்லி விற்கும் கடைக்கு வாடிக்கையாளர் தேடி வருவார்.