எரிமலைச் சாரலில் ஒரு கற்சுவர்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவே, நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே ருவாண்டா என்னும் சிறு நாடு உள்ளது. நாடெங்கும் குன்றுகள், குன்றுகள்தோறும் உச்சி வரை பயிர். அதன் வடமேற்கு எல்லையில், காங்கோவையும் உகாண்டாவையும் தொட்டுக்கொண்டு எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்ததான கரிசிம்பி 4,507 மீட்டர் உயரம் உடையது. இம்மலைகளின் சாரலில் அமைந்த காடே எரிமலைகள் தேசியப் பூங்கா. அதன் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்தான். ஆயினும் இதனுள் ஒரு காலைப்பொழுது சென்று வருவதற்கு வெளிநாட்டார் ஒருவர் 1,500 அமெரிக்க டாலர் கட்டணம் செலுத்துகிறார். உலகில் மிகச் சில இடங்களில் மட்டுமே காட்டில் காணக் கிடைக்கும் மலைக் கொரில்லாக்கள் இங்கு வாழ்வதே அதற்குக் காரணம்.

இக்காடு முடியும் இடத்தில் ஒரு கற்சுவர் இருக்கிறது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கருங்கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கி எழுப்பியது. ஆள் மார்பளவு உயரம்கூட இராது. எழுபது கிலோமீட்டருக்கும் மேலாக எல்லை நெடுகிலும் அது ஓடுகிறது. சுவருக்கு அப்பால் மூங்கிற்காடு. இப்பால், ஓர் அடி நிலமும் வீணாகாமல் உருளைக்கிழங்குப் பாத்திகள். ஆப்பிரிக்காவிலேயே குடியானவர்கள் மிக நெருங்கி வாழும் நிலங்களுள் இதுவும் ஒன்று. கொரில்லாவைக் காணச் செல்பவர் எவரும் இப்பாத்திகளின் வரப்பின்மீது நடந்து, அச்சுவரைத் தாண்டித்தான் உள்ளே செல்ல வேண்டும். பலர் அதைக் கவனிப்பதில்லை. பயிர்த்தொழிலை அறிந்த நாமோ அவ்விடத்தில் சற்று நிற்பது முறை.

பிரயாணம் கினிகி என்னும் ஊரில் தொடங்குகிறது. ருவாண்டாவில் பெயர்பெற்ற உருளைக்கிழங்கு வகை ஒன்றுக்கும் கினிகி என்றே பெயர். காலை ஏழு மணிக்கு அங்குள்ள பூங்கா அலுவலகத்தில் யாவரும் கூடுகின்றனர். எட்டுப் பேருக்கு ஒரு குழு. ஒரு குழுவுக்கு ஒரு கொரில்லாக் குடும்பம். தடம் காண்போர் பொழுது புலரும் முன்பே காட்டுக்குள் சென்று, முந்தின இரவு கொரில்லாக்கள் இலைதழைகளை மடக்கிப் படுத்த கூடுகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம்பற்றிச் சென்று வழிகாட்டிக்குச் செய்தி அனுப்புகின்றனர். சுமை தூக்குவோரை மலையடிவாரத்தில் அமர்த்திக்கொள்ளலாம். அவர்களுள் முன்னாளில் இதே காட்டில் கண்ணி வைத்து வேட்டையாடியவர்களும் உண்டு. காட்டை அவர்களைவிட அறிந்தவர் யார்?

நடை ஒரு மணி நேரமும் ஆகலாம். ஐந்தாறு மணி நேரமும் ஆகலாம். சேறு முழங்கால் வரை ஏறும். காஞ்சொறி போன்ற செடிகள் துணியையும் துளைத்துச் சுணைக்கும். ஆகையால் கையுறை அணிந்து செல்கின்றனர். மூங்கில் முடிந்து பெருமரங்கள் தொடங்கும் உயரத்தில் மூச்சு வாங்கும். வழிகாட்டி திடீரென்று நின்று, தொண்டையைச் செருமுவதுபோல் தாழ்ந்த ஒலி ஒன்று எழுப்புவார். "நாங்கள் பகைவர் அல்லர்" என்று கொரில்லா மொழியில் அதற்குப் பொருள்.

பிறகு கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். முதுகில் வெள்ளி நரை படர்ந்த தலைவன் இருநூறு கிலோ எடையை எட்டுபவன். அவனோ காட்டுச் செலரியின் தண்டை உரித்து, நம் வீட்டுப் பெரியவர் கரும்பு தின்பதுபோல் நிதானமாகத் தின்றுகொண்டிருப்பான். தாய் குட்டிக்குப் பேன் பார்ப்பாள். மனிதரின் சளியும் இருமலும் இவற்றைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் முகத்திரை அணிந்து பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. கொரில்லாக் குட்டிக்கு அவ்விதி தெரியாது. அது ஓடி வந்து செருப்பைப் பார்க்கும். மனிதர்தாம் பின்வாங்க வேண்டும்.

இக்காடு ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்காவாக 1925ஆம் ஆண்டில் பெல்ஜிய ஆட்சியினரால் நிறுவப்பட்டதன் ஒரு பகுதியாகும். ஆனால் பாதுகாப்பு நிலைக்கவில்லை. 1960களின் இறுதியில் பைரீத்ரம் பயிரிடுவதற்காகக் காட்டின் பெரியதொரு பகுதி அழிக்கப்பட்டது. பைரீத்ரம் சாமந்தியை ஒத்த வெண்பூ. அதனை உலர்த்திப் பூச்சிக்கொல்லி எடுப்பர். முற்காலத்துக் கொசுவர்த்திச் சுருளின் சரக்கு இதுவே. ஐரோப்பியச் சந்தைக்காக நிலமற்ற குடும்பங்கள் மேட்டுநிலத்தில் குடியேற்றப்பட்டன. பின்னர் செயற்கை மருந்துகள் வந்து அப்பூவின் சந்தை நலிந்தது. காடு போனது போனதுதான்.

அமெரிக்க மாது டயன் ஃபாஸி 1967இல் கரிசிம்பிக்கும் பிசோக்கேக்கும் இடையே ஆராய்ச்சி நிலையம் அமைத்துக் கொரில்லாக்களுடன் வாழ்ந்தார். கண்ணிகளை அறுத்தெறிந்தார், வேட்டைக்காரரோடு போராடினார். 1985 டிசம்பரில் அவர் தம் குடிலிலேயே கொலையுண்டார். அவருடைய அஞ்சாமை போற்றத்தக்கது. எனினும் சுவருக்கு இப்பால் இருந்த குடியானவரைத் துணைவராக அவர் கருதவில்லை என்பதே என் எண்ணம். 1981ஆம் ஆண்டுக் கணக்கில் விருங்கா மலைத்தொடர் முழுவதிலும் எஞ்சியிருந்தவை 254 கொரில்லாக்களே.

காட்டை மாட்டுப் பண்ணையாக்கும் யோசனை எழுந்த வேளையில், 1979இல் வேறொரு வழி முயலப்பட்டது. கொரில்லாக்களைச் சிறு குழுவினருக்குக் காட்டி, வரும் பணத்தால் காட்டைக் காக்கலாம் என்பதே அது. 1994இல் நாட்டில் நடந்த இனப்படுகொலையும் அதன் பின்வந்த கலகங்களும் யாவற்றையும் நிறுத்தின. 1999இல் பார்வையாளர் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். 2015–16 கணக்கெடுப்பில் விருங்காவின் கொரில்லாக்கள் 604 ஆகப் பெருகியிருந்தன.

இனிப் பணக் கணக்கைப் பார்ப்போம். எட்டு வெளிநாட்டார் கொண்ட குழு ஒரு மணி நேரத்துக்குத் தருவது 12,000 டாலர். பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கைச் சுற்றுப்புற மக்களுக்கு ஒதுக்கும் திட்டம் 2005இல் தொடங்கியது. 2017இல் அது பத்தாயிற்று. பள்ளி அறைகள், குடிநீர்த் தொட்டிகள், சாலைகள் இப்பணத்தால் அமைந்துள்ளன. இதனினும் நம் கருத்துக்கு உகந்தது சபின்யோ மலையடிவாரத்தார் செய்த ஏற்பாடு. அவர்கள் சங்கமாகக் கூடி, பிரயாணிகள் தங்கும் விடுதி ஒன்றைத் தங்கள் உடைமையாக்கிக்கொண்டனர். 2007இல் திறக்கப்பட்ட அதனைத் தனியார் நிறுவனம் ஒன்று நடத்துகிறது. தங்குவோர் கணக்குப்படி சங்கத்துக்குப் பணம் சேர்கிறது. தானமாக வருவதற்கும் உடைமையால் வருவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டுறவு அன்பர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

பெண்டிர் சீமைக் கற்றாழை நாராலும் புல்லாலும் பின்னும் அகசெக்கே என்னும் மூடியிட்ட கூடையும் பிரயாணிகளிடம் விலையாகிறது. நாட்டின் இலச்சினையிலேயே இடம்பெற்ற கூடை அது. படுகொலைக்குப் பின், கணவரை இழந்தவர்களும் சிறையிலிருப்போரின் மனைவியரும் ஒரே பாயில் அமர்ந்து அதைப் பின்னினர்.

இவ்வளவும் உண்மை. ஆயினும் காட்டெருமை இரவில் சுவர் தாண்டி வந்து மிதித்த பாத்தி யாருடையதோ, அவருக்கு நேர்ந்த நட்டம் பள்ளி அறையால் ஈடாகாது. ஊருக்குப் பொதுவாக வரும் நன்மை ஒன்று. ஒரு குடும்பத்தின் பருவம் முழுவதும் அழிவது மற்றொன்று. விலங்குகளால் நேரும் சேதத்துக்கு ஈடு தருவதற்கென நாட்டில் தனி நிதி உண்டு. சேதத்தை அதிகாரி வந்து பார்த்து, தாள்கள் நகர்ந்து, பணம் வருவதற்குள் அடுத்த நடவுக்காலம் கடந்துவிட்டால் விதைக்கிழங்குக்கு என் செய்வது? சுவரைப் பழுதுபார்க்கும் வேலையும் பெரும்பாலும் அக்குடியானவர்களின் கைகளையே சார்ந்தது.

இப்போது கேள்வி இன்னும் பெரிதாகியுள்ளது. பெருகிய கொரில்லாக்களுக்குக் காடு போதவில்லை. குடும்பங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, குட்டிகள் மடிகின்றன. யூகலிப்டஸ் பட்டையை உரித்துத் தின்னச் சில சுவருக்கு வெளியே வருவதும் உண்டு. ஆகவே பூங்காவைக் கால் பங்கு அளவுக்கு விரிவாக்க ருவாண்டா அரசாங்கம் திட்டமிட்டுள்ளது. அரை நூற்றாண்டுக்கு முன் பைரீத்ரத்துக்காகக் காட்டிலிருந்து எடுத்த நிலத்தின் ஒரு பகுதி மீண்டும் காடாகும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புதிய ஊர்களுக்குச் செல்ல வேண்டியிருக்கும். வீடும் தொழிலும் தருவதாக அரசு கூறுகிறது. எரிமலை மண்ணில் ஆண்டுக்கு இருமுறை கிழங்கு எடுத்தவர்கள் அவ்வீட்டு வாசலில் எதைப் பயிரிடுவார்கள் என்பதையும், சபின்யோ சங்கத்தைப் போல் அவர்களுக்கும் விடுதியிலோ கட்டணத்திலோ எழுத்துமூலமான பங்கு உண்டா என்பதையும் அங்குள்ளோர் கேட்டு வருகின்றனர்.